முதல் அசெம்பிள் கம்ப்யூட்டர்: ப்ராசஸரையும் போர்டையும் சேர்த்தே யோசியுங்கள்

"ஐ5 ப்ராசஸர், எச்81 போர்டு, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, கேபினெட், எஸ்எம்பிஎஸ், எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் தம்பி." சென்னை ரிச்சி தெருவில் நடந்தாலும் சரி, இணையத்தில் தேடினாலும் சரி, இப்படி ஒரு கொட்டேஷன் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். ஐ5 என்றால் நல்லதுதானே என்று பர்ஸை எடுக்கத் தோன்றும்.

அந்த வரியில் கவனிக்க வேண்டிய சொல் எச்81. இன்டெல் 2013இல் கொண்டுவந்த சிப்செட் அது, அதாவது மதர்போர்டில் (சுருக்கமாக போர்டு) மற்ற பாகங்கள் பலவற்றை ப்ராசஸரோடு இணைக்கும் சிப். அந்த போர்டில் உட்காரும் ஐ5 எல்லாமே 4ஆம் தலைமுறை. பெரும்பாலும் 4 கோர், 4 த்ரெட் (இவை என்ன என்பது கீழே வரும்). ரேமும் டிடிஆர்3 என்ற பழைய வகை. இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே இருப்பவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆக, புத்தம்புது கேபினெட்டுக்குள் பத்து வயதுக்கு மேலான கம்ப்யூட்டரை வைத்து விற்கிறார்கள். 12ஆம் தலைமுறை ஐ3 12100 பெயரில் ஒரு படி கீழே நிற்கிறது. ஆனால் 4 கோர், 8 த்ரெட்டோடு அந்தப் பழைய ஐ5ஐ எல்லா வேலையிலும் சுலபமாகத் தாண்டிவிடும்.

கொட்டேஷனில் பொய் ஒன்றும் இல்லை. ஐ5 என்றார்கள், ஐ5தான். எந்த வருடத்து ஐ5 என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். ஆனால் போர்டின் பெயர் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரு போர்டில் எந்த ப்ராசஸர் வேண்டுமானாலும் உட்காராது. எந்த போர்டு என்று தெரிந்தால், அதில் என்னென்ன ப்ராசஸர் போகும் என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் இவை இரண்டையும் தனித்தனியாக வாங்கக் கூடாது, ஒரே முடிவாக எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். போர்டு கம்ப்யூட்டருக்கு வேகம் தராது. ஒரே ப்ராசஸரை நடுத்தர விலை போர்டில் போட்டாலும், அதைப் போல மூன்று மடங்கு விலையுள்ள போர்டில் போட்டாலும், அன்றாட வேலையில் உங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ப்ராசஸருக்குத் தேவையான மின்சாரத்தைச் சீராகக் கொடுத்து, ரேமையும் எஸ்எஸ்டியையும் கிராஃபிக்ஸ் கார்டையும் இணைத்து, குறுக்கே நிற்காமல் இருந்தால் போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது. முதல்முறை அசெம்பிள் செய்பவர்கள் பலர் பளபள விளக்குகளோடு பெரிய போர்டை வாங்கிவிட்டு, ப்ராசஸரிலும் ரேமிலும் மிச்சம் பிடிப்பார்கள். நேர் எதிராகச் செய்யுங்கள்.

என்ன வேலைக்கு?

இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிரவுசர், டாலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, படம் பார்ப்பது, இவ்வளவுதான் என்றால் 4 கோர் தாராளம். கல்லூரிப் படிப்பு, புரோகிராமிங், அவ்வப்போது வீடியோ எடிட்டிங், பின்னால் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கேம் என்றால் 6 கோர், 12 த்ரெட். இன்றைக்கு முதல் கம்ப்யூட்டருக்கு அதுதான் சரியான இடம். பிளெண்டரில் ரெண்டர் செய்வது, மணிக்கணக்கில் 4கே வீடியோ எக்ஸ்போர்ட் செய்வது என்று இதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு மட்டும் 8 கோரும் அதற்கு மேலும் காசுக்கு ஏற்ற பலன் தரும்.

கோர், த்ரெட் என்றால் என்ன? ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்தான் கோர். ஒரு கோர் ஒரே சமயத்தில் இரண்டு வேலை வரிசைகளைக் கவனிக்கும்போது, ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்று எண்ணுகிறோம். அதற்காக வேகம் இரண்டு மடங்காகாது. கோர் நடுநடுவே சும்மா இருந்து வீணாகும் நேரம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. பெட்டியில் போட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸ் எண்ணை ஒரே குடும்பத்து ப்ராசஸர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 2013இன் 3.6 கிகாஹெர்ட்ஸும் இன்றைய 3.6 கிகாஹெர்ட்ஸும் ஒன்று கிடையாது. ஒவ்வொரு துடிப்பிலும் புதிய கோர் செய்து முடிக்கும் வேலை அதிகம்.

பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பது

'கோர் ஐ5 12400எஃப்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஐ5 என்பது அந்தத் தலைமுறைக்குள் அதன் தகுதி. 12 என்பது தலைமுறை. 400 என்பது ஐ5களுக்குள் அது எந்தப் படி என்பது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எஃப் என்ற ஒற்றை எழுத்துதான் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம். எஃப் இருந்தால் ப்ராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது.

'போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ இருக்கிறதே?' என்பார்கள். இருக்கும். அது வெறும் வாசல்தான், அதன் வழியே படம் அனுப்ப வேண்டியது ப்ராசஸர். எஃப் வகை ப்ராசஸரைப் போட்டு, மானிட்டரை போர்டின் எச்டிஎம்ஐயில் செருகி, டிஸ்ப்ளே வரவில்லை என்று ரேமைக் கழற்றி மாட்டி, கடைசியில் போர்டே போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். கிராஃபிக்ஸ் கார்டை முதல் நாளே வாங்கப் போகிறீர்கள் என்றால் எஃப் வாங்கி மிச்சம் பிடிக்கலாம். 'ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறேன்' என்றால் எஃப் வேண்டாம். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸில் குயிக் சிங்க் என்ற பகுதி இருக்கிறது. போனில் எடுத்த எச்.265 வீடியோவை டைம்லைனில் இழுத்துப் பார்க்கும்போது அது பெரிய உதவி. எஃப் வாங்கினால் அதுவும் போய்விடும்.

கே என்று முடிந்தால் ஓவர்க்ளாக் செய்ய அனுமதி உண்டு, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேலே ஓட்டலாம். அதற்கு இசட் என்று தொடங்கும் விலை கூடிய போர்டு வேண்டும், பெரிய கூலரும் வேண்டும். முதல் கம்ப்யூட்டருக்கு இந்தச் சங்கடம் தேவையில்லை.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் 'ரைசன் 5 5600ஜி' என்றால், ரைசன் 5 தகுதி, 5000 வரிசை. ஜி இருந்தால் உள்ளே ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் உண்டு. இங்கே ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. 5600 என்று வெறுமனே இருந்தால் கிராஃபிக்ஸ் கிடையாது. ஆனால் அடுத்து வந்த 7600இல் ஜி இல்லாமலே கிராஃபிக்ஸ் உண்டு. கேம் ஆடும் அளவுக்கு இல்லை, டிஸ்ப்ளே வர, படம் பார்க்கப் போதும். அதே வரிசையில் 7500எஃப் என்றால் அதுவும் கிடையாது. எக்ஸ்3டி என்று முடிபவற்றில் கேஷ் எனப்படும் உள் நினைவகம் மிக அதிகம். 7800எக்ஸ்3டியில் 96 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது, சாதாரண 7600இல் 32 எம்பி. கேமுக்கு அது அபாரம். டாலிக்கும் பிரவுசருக்கும் அந்தக் காசு வீண்.

சாக்கெட் என்ற கதவு

ப்ராசஸர் உட்காரும் சதுரமான இடம்தான் சாக்கெட். சாக்கெட் பொருந்தவில்லை என்றால் பேச்சே இல்லை. இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பவற்றில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகள் மூன்றும் எல்ஜிஏ 1700 சாக்கெட். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டியில் டெஸ்க்டாப் ரைசன் 5000 வரை ஏஎம்4, அதற்குப் பிறகு வந்த 7000, 8000, 9000 வரிசைகள் ஏஎம்5.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு குணவேறுபாடு இருக்கிறது. இன்டெல் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும். 2017இல் இன்னும் ஒரு படி மேலே போனது. 8ஆம் தலைமுறை ப்ராசஸரும் அதற்கு முந்தைய 6, 7ஆம் தலைமுறைகளும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்தான். ஆனாலும் பழைய போர்டில் புது ப்ராசஸரைப் போட்டால் ஓடவில்லை, 300 வரிசை போர்டு வாங்க வேண்டியிருந்தது. சாக்கெட் பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது, சிப்செட்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஏஎம்டியின் வழி வேறு. ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. அதே சாக்கெட்டுக்கு 2024இலும் புது ப்ராசஸர் வெளியிட்டார்கள். 2017இல் வாங்கிய போர்டில் பயாஸை (போர்டைத் தொடக்கி வைக்கும் உள் மென்பொருளை) மட்டும் புதுப்பித்து, பல வருடம் கழித்து வந்த ப்ராசஸரைப் போட்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5க்கு 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. முதல் கம்ப்யூட்டரை வாங்கி, மூன்று நான்கு வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இது பெரிய விஷயம். ஆனால் ஒன்று. நம் வீடுகளில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் அது சாகும்வரை அப்படியே ஓடும். நீங்களும் அப்படிப்பட்டவர் என்றால் எதிர்கால அப்கிரேடு என்ற ஆசைக்காக இன்றைக்கு அதிகம் கொடுக்க வேண்டாம்.

சாக்கெட் முடிவானால் ரேமும் முடிவாகிவிடும். ஏஎம்4 என்றால் டிடிஆர்4 மட்டும். ஏஎம்5, எல்ஜிஏ 1851 இரண்டும் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ 1700இல் போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று. இரண்டு வகை ரேமிலும் 288 காண்டாக்ட்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 ரேம் இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும் என்றால் எல்ஜிஏ 1700இல் டிடிஆர்4 போர்டு தேடலாம். சில போர்டுகளின் பெயரிலேயே டி4 என்று இருக்கும். 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததும் ரேம் விலை எகிறிவிட்டது. ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றின் மொத்த விலையையும் வாங்கும் நாளில் கூட்டிப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க வேண்டும்.

போர்டை எதை வைத்துப் பார்ப்பது

போர்டின் பெயரில் உள்ள எழுத்தும் எண்ணும் சிப்செட். இன்டெல் 1700இல் எச்610, பி760, இசட்790. ஏஎம்5இல் ஏ620, பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870. அடித்தட்டு, நடுத்தரம், மேல்தட்டு என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். பெயரில் எண்ணுக்குப் பின் எம் இருந்தால், உதாரணமாக பி760எம், அது மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, 24.4 சென்டிமீட்டர் சதுரம். முழு ஏடிஎக்ஸ் 30.5 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கேபினெட் எந்த அளவை ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும், விலையும் குறைவு.

என் கட்சி பி வகை. எச்610 ஏன் இவ்வளவு மலிவு என்று பார்த்தால் காரணம் புரியும். ரேம் ஸ்லாட் இரண்டுதான் இருக்கும். வேகமான ரேம் வாங்கினாலும் அதன் எக்ஸ்எம்பி வேகத்தில், அதாவது ரேம் பெட்டியில் போட்டிருக்கும் கூடுதல் வேகத்தில் ஓட்ட விடாது, ப்ராசஸர் ஏற்கும் அடிப்படை ரேம் வேகத்தோடு நிறுத்திவிடும். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டிக்கு ப்ராசஸரிலிருந்து நேராக வரும் பாதை இல்லை. சிப்செட் வழியாக, பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்ற பழைய இணைப்பின் வேகத்தில்தான் போகும். அதாவது விநாடிக்கு 7,000 எம்பி படிக்கக்கூடிய எஸ்எஸ்டியை அதில் போட்டால் சுமார் 3,500 எம்பிதான் கிடைக்கும். ஆபீஸ் வேலைக்கு அதுவே அதிகம், ஐ3 12100 போட்டு பில்லிங் கம்ப்யூட்டர் செய்பவருக்கு எச்610 நல்ல போர்டுதான். ஆனால் நாளைக்கு ஏதாவது சேர்க்கலாம் என்று நினைப்பவருக்கு அது சீக்கிரம் சுவரில் முட்டும். ஏஎம்5இன் ஏ620 அந்த அளவுக்கு மோசமில்லை. ரேமை எக்ஸ்போ (எக்ஸ்எம்பிக்கு ஏஎம்டி வைத்த பெயர்) வேகத்தில் ஓட்ட விடும். ஆனால் மலிவு ஏ620 போர்டுகளில் மின்சாரப் பகுதி மெலிந்திருக்கும்.

அந்த மின்சாரப் பகுதிக்கு விஆர்எம் என்று பெயர். போர்டில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கேபினெட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட். ப்ராசஸர் குடிப்பதோ ஒரு வோல்ட்டைச் சுற்றி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி இறக்குவதுபோல, இந்த 12 வோல்ட்டை இறக்கிச் சீராகத் தருவது விஆர்எம். வோல்ட் குறைவு என்பதால் கரண்ட் மிக அதிகம், அதனால் அந்த இடம் சூடாகும். சாக்கெட்டைச் சுற்றி இடதுபக்கமும் மேல்பக்கமும் சின்னச் சின்ன சதுரக் கட்டிகள் வரிசையாகத் தெரியும், பக்கத்திலேயே சிப்கள் இருக்கும். நல்ல போர்டில் அவற்றின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கும். மலிவு போர்டில் மொட்டையாக விட்டிருப்பார்கள்.

பெட்டியில் 65 வாட் என்று எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன பெரிய மின்சாரம் என்று கேட்கலாம். அந்த 65 ஓர் அடிப்படை எண்தான். ஐ5 12400 முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை எடுக்க இன்டெல்லே அனுமதிக்கிறது. 14600கே என்றால் 181 வாட், ஐ9 14900கே என்றால் 253 வாட். விஆர்எம் தாங்கவில்லை என்றால் வெடித்துவிடாது, ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். வீடியோ எக்ஸ்போர்ட் முதல் ஐந்து நிமிடம் வேகமாக ஓடி அப்புறம் ஊர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். மே மாதத்தில் ஏசி இல்லாத மாடி அறையில் இந்தப் பிரச்சினை இன்னும் சீக்கிரம் தலைகாட்டும். 65 வாட் வகை ப்ராசஸருக்கு ஹீட்சிங்க் உள்ள நடுத்தர பி போர்டு எதுவும் போதும்.

மற்றவை சட்டென்று பார்த்துவிடக்கூடியவை. ரேம் ஸ்லாட் நான்கு இருந்தால் நல்லது. எம்.2 ஸ்லாட் இரண்டு இருக்கட்டும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2வில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது, பழைய ஹார்ட் டிஸ்குகள் நிறைய வைத்திருப்பவர்கள் மேனுவலில் இதைத் தேடிப் பாருங்கள். வைஃபை எல்லா போர்டிலும் வராது. ஒரே மாடலே வைஃபையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டாக வரும். ரவுட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் மாடியில் என்றால் வைஃபை உள்ளதை எடுங்கள். ஃபேன் இணைப்புகள் எத்தனை, முன்பக்க டைப்-சி போர்ட் உள்ள கேபினெட் என்றால் அதற்கான இணைப்பு போர்டில் உண்டா என்பதையும் பாருங்கள். விளக்குகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது அவரவர் இஷ்டம்.

பயாஸ் விவகாரம்

சாக்கெட் சரி, சிப்செட் சரி, ஆனாலும் டிஸ்ப்ளே வரவில்லை என்ற நிலை ஒன்று உண்டு. ப்ராசஸர் சந்தைக்கு வருவதற்கு முன்பே தயாராகி, கடை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த போர்டாக இருந்தால், அதில் உள்ள பயாஸுக்கு அந்தப் புது ப்ராசஸரைத் தெரியாது. பி450 போர்டும் ரைசன் 5000மும், பி650 போர்டும் ரைசன் 9000மும், பி660 போர்டும் 13ஆம் தலைமுறை இன்டெல்லும் இப்படிப்பட்ட ஜோடிகள்.

இதைச் சோதிப்பது எளிது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கு உரிய சப்போர்ட் பக்கத்தைத் திறந்தால் சிபியு சப்போர்ட் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ப்ராசஸரின் பெயருக்கு நேராக, எந்தப் பதிப்பு பயாஸிலிருந்து ஓடும் என்று எழுதியிருப்பார்கள். அதைக் குறித்துக்கொண்டு கடையில் கேளுங்கள். பெட்டியின் மேலேயே 'ரைசன் 9000 ரெடி' என்பதுபோல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கவலை இல்லை.

சில போர்டுகளில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்ற பொத்தான் பின்பக்கம் இருக்கும். ப்ராசஸரே இல்லாமல் பயாஸைப் புதுப்பிக்க அது உதவும். ஃபாட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் பயாஸ் கோப்பைப் போட்டு, மேனுவலில் சொன்னபடி பெயர் மாற்றி, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகி, எஸ்எம்பிஎஸ் இணைப்புகளைக் கொடுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் கரண்ட் போகக் கூடாது. அதனால் யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரே விலையில் இரண்டு போர்டு இருந்து, ஒன்றில் மட்டும் இந்தப் பொத்தான் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதை எடுப்பேன்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வாங்குபவர்களுக்கு பயாஸ் இன்னும் முக்கியம். அவற்றின் உயர்ரக ப்ராசஸர்களில், குறிப்பாக கே வகைகளில், தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் ஏறி நாளடைவில் நிலைகுலையும் கோளாறு 2024இல் வெளியே வந்தது. இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. அந்த வகை ப்ராசஸர் வாங்கினால் விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். 12ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

சரி, எதை வாங்கலாம்?

நடுவில் சொன்ன கல்லூரி மாணவரையே எடுத்துக்கொள்வோம். பட்ஜெட் இடம் கொடுத்தால் என் தேர்வு ரைசன் 5 7600, பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. 6 கோர், 12 த்ரெட், பெட்டியோடு கூலர் வருகிறது, டிஸ்ப்ளேவுக்கு கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, பின்னால் ப்ராசஸரை மாற்றவும் வழி உண்டு. 7600எக்ஸ் என்று ஒன்று கொஞ்சம் வேகமாக இருக்கும். ஆனால் அதன் பெட்டியில் கூலர் வராது, அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிடிஆர்5 ரேமின் விலை கையைக் கடித்தால் ஐ5 12400, பி760 டிடிஆர்4 போர்டு. பழசு என்று முகம் சுளிக்க வேண்டாம், அந்த 6 கோர் இன்னும் பல வருடம் ஓடும். வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை என்றால், குயிக் சிங்க்குக்காக முதலிலேயே இந்தப் பக்கம் சாய்வதில் தப்பே இல்லை.

கிராஃபிக்ஸ் கார்டே வாங்கப் போவதில்லை, ஆனால் சின்னச் சின்ன கேம் ஆட வேண்டும் என்பவருக்கு ரைசன் 5 5600ஜி, பி550 அல்லது ஏ520 போர்டு. இதில் ரேமை ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். உள் கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமையே பயன்படுத்துவதால், இரண்டு குச்சி போடும்போது கேமின் வேகம் நன்றாகவே கூடும். ஏஎம்5இல் இதே வேலைக்கு 8600ஜி இருக்கிறது, விலை அதிகம். அதற்குத் தம்பியான 8500ஜியை, பின்னால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போடும் எண்ணத்தோடு வாங்காதீர்கள். கார்டுக்கு அது கொடுப்பது 4 லேன், அதாவது 4 தரவுப் பாதைதான், வழக்கமாக 16 இருக்கும்.

கடையிலும் வீட்டிலும்

ப்ராசஸர் 'டிரே'யா, பெட்டியோடு வருவதா என்று கேளுங்கள். டிரே என்பது கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாகப் போவது. கூலர் வராது, இன்டெல், ஏஎம்டியின் மூன்று வருட வாரண்டியும் உங்களுக்கு நேரடியாகக் கிடைக்காது, கடைக்காரர் கொடுக்கும் வாக்குறுதிதான். விலை வித்தியாசம் சின்னது என்றால் பெட்டியையே வாங்குங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று பில் இல்லாமல் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில்லில் சீரியல் எண்ணும் இருக்கட்டும்.

போர்டை கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்5 போர்டுகளிலும் ஊசிகள் போர்டில்தான் இருக்கின்றன, ப்ராசஸரின் அடியில் தட்டையான புள்ளிகள் மட்டும் இருக்கும். சாக்கெட்டின் மேல் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியை மெதுவாக எடுத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட மெல்லிய ஊசிகள் வரிசை வரிசையாக ஒரே சீராக மின்னும். எங்காவது ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் வேறுவிதமாகப் பட்டால் அங்கே ஊசி வளைந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் இதைக் கண்டுபிடித்தால், நீங்கள்தான் வளைத்தீர்கள் என்பார்கள். விரல் மட்டும் உள்ளே படவே கூடாது. ஏஎம்4இல் இது தலைகீழ், ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் மாட்டும்போது ப்ராசஸரின் மூலையில் உள்ள சின்ன முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே மூலைக்கு வர வேண்டும். மேலிருந்து வைத்தால் தானாக உட்காரும், அழுத்தவே தேவையில்லை. இரண்டு ரேம் குச்சிகளை நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய இடங்களில் போடுங்கள். போர்டின் பெரிய 24 பின் இணைப்பைக் கொடுத்துவிட்டு, மேல் மூலையில் ப்ராசஸருக்கான 8 பின் இணைப்பை மறந்துவிடுவது புதியவர்களின் வழக்கம்.

ஏஎம்5 போர்டில் முதல்முறை பவர் போட்டதும் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமோடு பேசிப் பழகி அளவெடுக்கும் நேரம் அது. சில நிமிடங்கள் ஆகலாம், அதற்குள் பதறி ஆஃப் செய்யாதீர்கள். பிறகும் வரவில்லை என்றால் போர்டின் ஓரத்தில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். எது எரிந்து நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. டிஸ்ப்ளே வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 6,000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 4,800இலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ப்ராசஸரைப் பூட்டும்போது கழன்று விழும் அந்தக் கறுப்பு மூடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது சாக்கெட்டின் மேல் அது இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் வாங்க மாட்டோம் என்று சொல்வதுண்டு. போர்டு வந்த பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பில்லையும் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், வழுவழு தாளில் அடித்த பில்லின் எழுத்து ஒரு வருடத்திலேயே மங்கிவிடும், வாரண்டியோ மூன்று வருடம்.